சௌந்தரம் சொல்லிக்கொடுத்த வார்த்தை

எழிலரசி அனுப்பியிருந்த குரல் பதிவில், அவள் பேச்சுக்குப் பின்னால் ஒரு குக்கர் விசிலடித்தது. முதலில் காற்று மட்டும் சீறி, பிறகு விக்கலெடுத்ததுபோல இரண்டு முறை விட்டுவிட்டு ஊதி, பாதியில் அடங்கிப்போனது. சௌந்தரம் அந்த இடத்தை மட்டும் நான்கு தடவை திருப்பிக் கேட்டாள். குக்கர் இல்லாத வீடு ஏது? ஆனால் வெயிட் தேய்ந்துபோய் இப்படி விக்கும் குக்கர், கடலூர் முதுநகரில் அவள் அடுப்படியில் இருப்பது ஒன்றுதான். இன்று மதியம் பருப்பு வைத்தபோதுகூட இப்படித்தான் விக்கியது. எழிலரசி இருப்பதோ பண்ருட்டியில்.

சௌந்தரம் முப்பத்தொரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். லைனில் கேட்கும் இரைச்சலை வைத்தே, பேசுகிறவர் நிற்பது பஸ் ஸ்டாண்டா ஆஸ்பத்திரி வராந்தாவா என்று சொல்லிவிடுவாள். அந்தக் காது மட்டும் இன்னும் கெடவில்லை. மற்றதெல்லாம் கெட்டுவிட்டது. ஓய்வுபெற்ற மறு வருடமே கணவர் போய்ச் சேர்ந்தார். ஒரே மகள் இசைவாணி சிதம்பரத்தில் பேங்க் வேலையில் இருக்கிறாள். ஒன்றரை மணி நேர பஸ் தூரம்தான், வருவது மாதத்தில் ஒரு ஞாயிறு. போன வருடம் வந்தபோது டச் போன் ஒன்றைக் கையில் திணித்து, "இனிமே இதுலயே மொகத்தப் பாத்துப் பேசிக்கலாம்மா" என்றாள். அதோடு பென்ஷன், கரண்ட் பில், கேஸ் எல்லாம் அந்தக் கண்ணாடிக்குள் போய்விட்டன. கீரைக்காரிகூட வாயைத் திறக்காமல் ஸ்கேன் அட்டையை நீட்டுகிறாள். நாள் முழுக்க ஒரு மனிதரோடும் பேசாமலே பொழுது சாய்ந்துவிடும். அப்படிக் கிடந்தவளுக்கு ஒரு சமையல் குழுவில் கிடைத்தவள்தான் எழிலரசி.

முகம் பார்த்ததில்லை. கேட்டால், "கேமரா ஒடஞ்சி கெடக்குது யக்கா" என்பாள். இசைவாணிக்கு அது பிடிக்கவில்லை. "அதுல பாதிப் பேரு மனுஷங்களே இல்லம்மா. மெஷினே மனுஷங்க மாரி பேசுது. நாளைக்கி உன் கொரல வச்சே என்ன ஏமாத்துவாங்க" என்றாள். சௌந்தரத்துக்குக் கோபம் வந்தது. பல்வலியில் இரண்டு நாள் முனகிக்கொண்டு கிடந்த பொம்பளை எப்படி மனுஷி இல்லாமல் போவாள்? காலையில் எழுந்ததும் சாப்பிட்டியா என்று கேட்க அவளை விட்டால் சௌந்தரத்துக்கு யார் இருக்கிறார்கள்?

கார்த்திகை மழை மூன்று நாளாக விடவில்லை. மணி நாலுதான், ஆனால் கூடத்தில் எதிர்ச்சுவர் தெரியாத அளவுக்கு இருட்டு. ஓட்டு ஒழுகலுக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் வாளியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சௌந்தரம் போனை வாயருகே வைத்து, "ஏன் எழிலு, உங்க வீட்டு குக்கரும் விக்குதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே நம்பும்படியாக இல்லை.

பதில் உடனே வந்தது. "மழைன்னா ஜாஸ்தியா விக்கும் யக்கா."

பின்னால் நீர் சொட்டியது. இரண்டு சொட்டு வாளிக்குள், மூன்றாவது அதன் கைப்பிடியில் பட்டு 'டிங்'. சௌந்தரம் போனைக் காதிலிருந்து எடுத்தாள். கூடத்தில் இரண்டு சொட்டு. ஒரு 'டிங்'.

"எங்கடி இருக்க நீ?"

"நீங்கதான யக்கா தெனமும் வரச் சொன்னீங்க."

ஆமாம், சௌந்தரம்தான் சொன்னாள். பழகிய புதிதில் எழிலரசி பேச்சை முடிக்கும்போது "போறேன் யக்கா" என்பாள். சௌந்தரத்துக்குச் சுருக்கென்றிருக்கும். ஒருநாள் கண்டித்தே விட்டாள். "போறேன்னு சொல்லக்கூடாதுடி. நல்ல வார்த்தையா, வரேன்னு சொல்லணும். ஒங்க வீட்ல சொல்லிக் குடுக்கலையா?" தமிழ் வீட்டில் பிறந்த எவளுக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது அப்போது உறைக்கவில்லை. அன்றிலிருந்து அது ஒழுங்காகச் சொன்னது. "வரேன் யக்கா." வாய்ப்பழக்கமாக இவளும், "சரி, வா" என்றாள். ஒரு வருடமாக, ஒரு நாள் தவறாமல். யாரென்று தெரியாத ஒன்று வரட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருக்க, இவள் வா வா என்று அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

அப்போதுதான் வாசனை வந்தது. பழுத்த பண்ருட்டிப் பலாவின் வாசனை. கார்த்திகையில் பலாப்பழத்துக்கு எங்கே போவது? அடுப்படிப் பக்கமிருந்து கூடத்துக்கு வந்தது, இனிப்பாக, தொண்டையை அடைக்கும்படியாக, அழுகுவதற்குச் சற்று முன்னால் இருக்கும் வாடையாக. வாளியில் சொட்டும் சத்தம் நின்றுவிட்டது. மழை நிற்கவில்லை.

படுக்கையறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். கதவையே பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்தாள். மகளின் எண்ணை அழுத்தினாள்.

"யாரு?" என்றாள் இசைவாணி.

"நான்தான்டி. அம்மா. உடனே பொறப்பட்டு வா. வீட்டுல யாரோ இருக்காங்க."

மகள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "எங்கம்மா இப்ப லேப்டாப்புல, வீடியோவுல எங்கூட இருக்காங்க. பத்து நிமிஷமா பேசிட்டிருக்கோம். நீங்க யாரு?"

சௌந்தரத்தின் காது ஏமாறாது. மகளின் குரலுக்குப் பின்னால், சிதம்பரத்து அறையில், ஒரு குரல் கேட்டது. அவளுடைய குரல்.

"யாரு கண்ணு அது?"

"ஃப்ராடு கால் வரும்னு நீ இப்ப சொன்னல்லம்மா, அதேதான். உன் கொரல அப்படியே எடுத்து வச்சிருக்காங்க."

"இசை, அது நான் இல்லடி. நான் இங்க இருக்கேன். ஒனக்கு முழங்கால்ல..."

"...ஆறு தையல்," என்றது பின்னாலிருந்த குரல், பரிவோடு. "சைக்கிள்ளேருந்து விழுந்தப்ப போட்டது. அதக்கூடத் தெரிஞ்சி வச்சிருப்பாங்க. பேசாத கண்ணு, வச்சிடு."

மகள் வைத்துவிட்டாள். சௌந்தரம் மறுபடி அடித்தாள். மணி போகவில்லை. மறுபடி. போகவில்லை. மகள் இவள் எண்ணையே பிளாக் பண்ணிவிட்டாள்.

அலறினால் மழைக்கு மேல் யாருக்குக் கேட்கும்? கதவைத் திறந்தால் கூடம். கூடத்தைத் தாண்டித்தான் தெரு. திறக்க முடியவில்லை. அழுகை வந்தது. பெற்ற மகளிடம் நான் நான்தான் என்று நிரூபிக்க ஒரு வார்த்தை இல்லையே.

போன் அதிர்ந்தது. சொந்தக்காரர்கள் குழு. இசைவாணி எழுதியிருந்தாள். 'அம்மா நம்பரிலிருந்தே, அம்மா குரலில் ஃப்ராடு கால் வருகிறது. யாரும் எடுக்க வேண்டாம். அம்மா என்னோடு வீடியோவில் இருக்கிறார், நலமாக இருக்கிறார்.' கீழே அந்த வீடியோவிலிருந்து எடுத்த ஒரு படம். அதற்குள் ஏழு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். தங்கராசு மாமா, 'சரிம்மா, பிளாக் பண்ணிட்டேன்' என்று போட்டிருந்தார்.

படத்தைத் திறந்தாள்.

அவள் முகம். இப்போது அவள் உடுத்தியிருக்கும் அதே நீலப் புடவை. அதே மூக்குத்தி. வருடக்கணக்கில் அவள் சிரிக்காத சிரிப்பு.

இரண்டு விரலால் பெரிதாக்கினாள். முகத்துக்குப் பின்னால் இந்த அறை. சாத்திய கதவு. போட்ட தாழ்ப்பாள். அந்தக் கதவைப் பார்த்தபடி, படத்துக்கு முதுகைக் காட்டி, கட்டிலில் ஒருத்தி குனிந்திருந்தாள். அவிழ்ந்த கொண்டை. நீலப் புடவை. கையில் போன் வெளிச்சம்.

படத்தில் சிரிப்பவள் அவளோடு முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.