சொந்த விருப்பு உள்ளவர்கள் வெளியே போகலாம்

"யோவ்! நிறுத்துய்யா வண்டியை!"

கைசா கத்திய கத்தல் தெருமுனை வரை கேட்டிருக்கும். பனி தள்ளும் வண்டிக்காரனுக்கு மட்டும் கேட்கவில்லை. காலையிலிருந்து இடுப்பு ஒடிய அவள் அள்ளிச் சுத்தம் செய்து வைத்த வாசல்... அந்த மகராசன் ஒரே தள்ளில் தெருப்பனி முழுவதையும் கொண்டுவந்து அங்கேயே குவித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். அவள் ஓடிப்போய் மண்வெட்டிக் காம்பால் கதவைத் தட்டினாள். கண்ணாடி மெல்ல இறங்கியது.

கருகருவென்று இரண்டு கண்கள். இமை ஓரத்தில் உறைபனி. திட்டுவதற்காகத் திறந்த வாய் ஒரு கணம் அப்படியே நின்றது... ஒரே ஒரு கணம்தான்.

"வாசல்னு ஒண்ணு இருக்கே, கண்ணு தெரியலையா?"

"தெரிஞ்சுதுங்க. சாரி. கொஞ்சம் வேகமா வந்துட்டேன்."

"இன்னைக்கு எங்க ஆண்டுக் கூட்டம். வர்றதே வயசானவங்க நாலஞ்சு பேர். அவங்க என்ன, பறந்து வரணுமா?"

"சாரி. நானே இறங்கி அள்ளித் தர்றேன்."

"உங்க சாரியும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். போங்க!"

போகவில்லை அவன். அவள் படபடவென்று உள்ளே போன பிறகு இறங்கி அள்ள ஆரம்பித்தான். அன்றைக்குப் பேசாமல் போய்த் தொலைந்திருந்தால் கைசாவுக்கு எவ்வளவோ நிம்மதி மிஞ்சியிருக்கும்!

தண்டர் பே நகரத்தில், ஒரு பழைய தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் இருந்தது அந்த இளையோர் நாடகப் பட்டறை. நன்கொடையிலும் அரசு மானியத்திலும் மூச்சு விடுகிற சின்ன அமைப்பு. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவள் கைசா ஒருத்திதான். நாடகம் சொல்லித் தருவாள், கழிப்பறையும் கழுவுவாள். வடக்கே, விமானம் மட்டுமே போகிற ஊர்களிலிருந்து உயர்நிலைப் பள்ளி படிக்க வந்து, முன்பின் தெரியாதவர் வீட்டில் தங்கியிருக்கும் பிள்ளைகள்தான் பட்டறைக்கு அதிகம் வருவார்கள். பள்ளி விட்டதும் அவர்களுக்குப் போக வேறு இடம் கிடையாது. அதனால்தான் கைசா அந்த ஒழுகுகிற கூரையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஆண்டுக் கூட்டத்தில் புதிய தலைவர் தேர்வாகாவிட்டால் மானியம் கிடையாது. ஆனால் தலைவர் பதவி என்றதும் வருடா வருடம் நடக்கும் கூத்தே இந்த வருடமும் நடந்தது. எல்லோரும் குனிந்து அவரவர் பூட்ஸைப் பார்த்தார்கள். பொருளாளர் வினிஃப்ரெட் இளஞ்சிவப்புச் சர்க்கரை தடவிய பன்னை வாயில் வைத்துக்கொண்டு, பேச முடியாதவள் போலக் கையை விரித்தாள். கைசாவுக்கு நாற்காலியைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

அப்போதுதான் கதவு திறந்தது. பனி தள்ளும் வண்டிக்காரன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நின்றான். கூட்டம் நடக்கிறது, குறுக்கே பேசக்கூடாதே என்று மரியாதையாகக் கையைத் தூக்கினான்.

அவ்வளவுதான்.

"கை தூக்கிட்டார்! தலைவர் பதவிக்கு முன்மொழியறேன்!" வினிஃப்ரெட்டின் வாயிலிருந்த பன் எங்கே போனதோ தெரியவில்லை.

"வழிமொழியறேன்!" என்றார் துணைத் தலைவர் டெஸ்மண்ட். வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கைதட்டல்.

"இல்லைங்க... சாரி... வாசல் அள்ளியாச்சுன்னு சொல்லத்தான்..."

"உங்க பேரு?"

"ரென்ஸோ... ஆனா நான்..."

"இந்த ஊர்தானே? கூட்டத்துக்கு வந்த ஊர்க்காரங்க எல்லாரும் உறுப்பினர்தான். வாழ்த்துகள் ரென்ஸோ!"

இத்தனை பேர் ஆசையாகச் சிரிக்கும்போது முடியாது என்று சொல்ல அந்த ஊரில் பிறந்த எவனுக்கும் வாய் வராது. ரென்ஸோவுக்கும் வரவில்லை. "சரிங்க..." என்றான் பரிதாபமாக. கைசா தலையில் கை வைத்துக்கொண்டாள். வாசலை அடைத்தவன் இப்போது அவளுக்கு மேலதிகாரி!

*

சரி, பெயருக்கு ஒரு தலைவர், வருடத்தில் நாலு முறை வந்து தூங்கிவிட்டுப் போவார் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். அதற்கும் கொடுத்து வைக்கவில்லை. ஒத்திகை நடக்கும் மாலைகளில் எல்லாம் வந்து நின்றான்.

"தலைவர்னா ஒத்திகைக்கு வரணும்னு எந்த விதியில இருக்கு?"

"இல்லதான். மேடைப் பலகை ஆடுதேன்னு பார்த்தேன். ஆணி அடிக்கட்டுமா?"

"நடிக்கும்போது அடிப்பீங்களா?"

"சாரி. முடிஞ்சப்புறம் அடிக்கறேன்."

"சாரி சொல்றதை முதல்ல நிறுத்துங்க!"

"சாரி."

வேண்டுமென்றே சொல்கிறானா? சிரிப்பை அடக்குகிற அந்த உதட்டோரத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. கைசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போன பிறகும் அந்த உதட்டோரம் கண்ணிலேயே நின்றது... அதற்காக இன்னும் கொஞ்சம் எரிச்சல்பட்டாள்.

ஏப்ரலில் பனி கரைந்து மழை பிடித்துக்கொண்டது. சூப்பீரியர் ஏரி முழுவதையும் மொண்டு வந்து கூரை மேல் கொட்டுவது போல ஒரு மழை. மேடையில் நாலு இடத்தில் ஒழுகல். வாளி வைத்த இடம் போக மீதியில் ஒத்திகை. அன்றைக்குத்தான் ஜோலீன் வாய் திறந்தாள். செப்டம்பரில் வந்ததிலிருந்து யாரிடமும் ஒரு சொல்லுக்கு மேல் பேசாத பெண், கூட நடித்த பையன் வாளியில் காலை விட்டு விழுந்ததும், எழுதிக் கொடுத்த வசனத்தை விட்டுவிட்டு, "எங்க ஊர்ல இதைத்தான் மீன் பிடிக்கறதுன்னு சொல்லுவோம்!" என்று ஒரு போடு போட்டாள். கூடம் அதிர்ந்தது. ஜோலீனும் சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

கைசா பூரித்துப்போய்த் திரும்பினாள். கடைசி வரிசையில் ரென்ஸோ கையில் சுத்தியலோடு உட்கார்ந்து, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் பார்ப்பது தெரிந்ததும் அவசரமாகக் கூரையைப் பார்த்தான். 'ஐயோ, இவனா... இவனைப் போயா!' என்று அவள் மனம் அலறியது. அலறி என்ன பிரயோஜனம்? விழுந்தாகிவிட்டது.

பிள்ளைகள் போனதும் இருவருமாக வாளிகளைக் கொட்டினார்கள். வாசலில் மழை வெள்ளிக் கம்பிகளாக இறங்கிக்கொண்டிருந்தது.

"கைசா... மழை விடறவரைக்கும்... எதிர்ல ஒரு காபி...?"

வர்றேன் என்று மனம் துள்ளியது. வாய் வேறு எதையோ சொன்னது. "நீங்க நிர்வாகக் குழுத் தலைவர். நான் சம்பளக்காரி. நாளைக்கு என் வேலையைப் பத்தி நீங்கதான் ஓட்டுப் போடணும். இந்த ஊர்ல காபிக் கடையில உட்கார்ந்தா போதும், காது மூக்கு வச்சுப் பேசுவாங்க. எனக்கு என் நாடகம்தான் முக்கியம்."

"புரியுது. சாரி."

இந்த முறை உதட்டோரத்தில் சிரிப்பு இல்லை. அவன் மழையில் நனைந்துகொண்டே போய் வண்டியில் ஏறினான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கக் கூடாதா? ஒரே ஒரு 'ஏன்' கேட்டிருக்கக் கூடாதா? கைசா காலி வாளியை உதைத்தாள். கால்தான் வலித்தது.

*

மே மாதக் குழுக் கூட்டத்துக்கு வினிஃப்ரெட் ஒரு தீர்மானத்தோடு வந்தாள். நாடகத்தை நிறுத்திவிட்டுக் கூடத்தை ஓர் உடற்பயிற்சி நிலையத்துக்கு வாடகைக்கு விட வேண்டும். ஒழுகுகிற கூரைக்கு எத்தனை நாள் பிச்சை எடுப்பது என்பது அவள் கேள்வி. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஜோலீனும் மற்றப் பிள்ளைகளும் எங்கே போவார்கள் என்பதற்கு அதில் பதில் இல்லை.

குழுவில் ஐந்து பேர். டெஸ்மண்டும் இன்னொருவரும் நாடகத்தின் பக்கம். வினிஃப்ரெட்டும் அவள் சொன்னதற்குத் தலையாட்டும் ஒருவரும் எதிர்ப்பக்கம். ஐந்தாவது ஓட்டு ரென்ஸோவுடையது. அவன் ஓட்டு இருந்தால் நாடகம் பிழைக்கும். இல்லாவிட்டால் இரண்டுக்கு இரண்டு. சமமாக நின்றால் எந்தப் பக்கமும் நிறைவேறாது; இந்த வருடம் நாடகத்துக்குப் பணம் ஒதுக்க முடியாது.

மூலையில் உட்கார்ந்திருந்த கைசா உள்ளங்கை வியர்வையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். ரென்ஸோ இருக்கிறான். அவன் கைவிட மாட்டான்.

எல்லாக் கூட்டமும் தொடங்குகிற மாதிரியே இதுவும் தொடங்கியது. தலைவர் தாளைப் பார்த்து வாசிக்க வேண்டிய கேள்வி அது. யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். பன்னைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள்.

"இன்றைய தீர்மானத்தில் யாருக்காவது சொந்த லாபமோ சொந்த விருப்போ உண்டா? உள்ளவர்கள் இப்போதே சொல்லிவிட்டு வெளியே போகலாம்." வாசித்து முடித்தான் ரென்ஸோ. தாளை மடித்தான். எழுந்து நின்றான்.

"எனக்கு உண்டு."

பன் பிய்க்கிற கைகள் நின்றன.

"எனக்கு... கைசாவைப் பிடிச்சிருக்கு. ரொம்ப. அதனால இதுல நான் ஓட்டுப் போடறது முறை இல்லை. டெஸ்மண்ட், கூட்டத்தை நீங்க நடத்துங்க."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்!

கைசாவுக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. கோபம். சுத்தமான, உச்சந்தலைக் கோபம். 'அடப்பாவி! அரை மணி நேரம் பொறுத்துக் காதலிக்கக் கூடாதா? ஓட்டைப் போட்டுவிட்டுச் சொன்னால் நாக்கு தேய்ந்துவிடுமா?' போச்சு. எல்லாம் போச்சு. இரண்டுக்கு இரண்டு.

டெஸ்மண்ட் கண்ணாடியைத் துடைத்தார். "சரி... வேற யாருக்காவது?" என்று பழக்க தோஷத்தில் கேட்டு வைத்தார்.

வினிஃப்ரெட் மட்டும் நாற்காலியில் நெளிந்தாள். கழுத்திலிருந்து மெல்ல மெல்லச் சிவந்தாள்.

"அது வந்து... உடற்பயிற்சி நிலையம் வைக்கப் போறது என் அக்கா மகன்," என்றாள். "அந்தப் பிள்ளை இவ்வளவு பெரிய சமாச்சாரத்தைச் சபையில சொல்லிட்டு எழுந்து போகுது. நான் இதை மறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா எனக்கே என்னைப் பிடிக்காது." பன்னையும் எடுத்துக்கொண்டு அவளும் வெளியே போனாள்.

மீதி மூன்று பேர். இரண்டுக்கு ஒன்று. நாடகம் பிழைத்தது.

கைசா கதவைத் தள்ளிக்கொண்டு நடைக்கு ஓடினாள். கோட்டுகள் தொங்கும் பெஞ்சில் ரென்ஸோ ஒரு முனையிலும் வினிஃப்ரெட் மறுமுனையிலும், வகுப்பை விட்டு வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைகள் போல உட்கார்ந்திருந்தார்கள்.

"உனக்கு மூளை இருக்கா?" மரியாதை எப்போது பறந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "கையைத் தூக்கறதுக்கு ஒரு நொடி. தூக்கிட்டு அப்புறம் சொல்லியிருந்தா என்ன?"

"தூக்கியிருக்கலாம்." அவன் நிமிர்ந்து பார்த்தான். கண்ணில் முதல் நாள் பார்த்த அதே கருப்பு. "அப்புறம் என்னைக்காவது உனக்கும் எனக்கும் ஏதாவது ஆனா... தலைவரை மயக்கித்தான் நாடகத்தைக் காப்பாத்தினாள்னு ஊர் உன்னைப் பேசும். ஜோலீன் காதுலயும் விழும். அது என்னால தாங்க முடியாது கைசா."

"நான் வேண்டாம்னு சொல்லிட்டேனே. அப்புறம் எதுக்கு இவ்வளவு யோசிச்சே?"

"நீ வேண்டாம்னு சொன்னே. எனக்குப் பிடிச்சது நின்னு போகலையே..."

இத்தனை மாதம் சேர்த்து வைத்த எரிச்சல் எல்லாம் இந்தச் சமயம் பார்த்து எங்கே போய் ஒளிந்துகொண்டது? கண் மட்டும் நிறைந்து வழிந்தது.

"அழறியா? ஓட்டு... தோத்துடுச்சா?" அவன் பதறி எழுந்தான்.

"ஜெயிச்சாச்சுடா, மடையா!"

வினிஃப்ரெட் பன்னைக் கடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கதவு லேசாகத் திறந்து டெஸ்மண்டின் தலை எட்டிப் பார்த்தது.

"மன்னிக்கணும். கூட்டக் குறிப்புல தெளிவா எழுதணுமாம். ரென்ஸோ, உங்க விருப்பு... ஒருதலையா?"

ரென்ஸோ தரையைப் பார்த்தான். "ஆமாங்க. ஒரு..."

"ரெண்டு பக்கமும்னு எழுதுங்க டெஸ்மண்ட்," என்றாள் கைசா.