முன்சக்கர நடுக்கம்

மகள் ஓட்டினால் மட்டும்தான் அந்தப் பழைய காரின் முன்சக்கரங்கள் நடுங்கின.

மெக்கானிக்கான அப்பா ஓட்டும்போது சாதுவாகப் போகிற வண்டி, அவள் ஓட்டினால் மட்டும் மலைச்சாலை இறக்கத்தில் வேகம் பிடிக்கும்போது இரண்டு முன்சக்கரங்களையும் இடமும் வலமுமாக உதறி, ஸ்டியரிங்கை அவள் கையிலிருந்து பிடுங்கும். சூடான ரப்பர் நாற்றத்தோடு பாதி வழியிலேயே திரும்பிவிடுவாள்.

"உன் கைதான் நடுங்குது" என்று அப்பா கேலி செய்தார்.

"நானா? அதுதாம்ப்பா வேண்டாம் வேண்டாம்னு தலையாட்டுது."

ஒரே மகள். கீழே ஆஸ்பத்திரியில் இன்று வேலைக்குச் சேர வேண்டும். காரணம் இல்லாமல் சக்கரம் ஆடுமா? டயர்களில் காற்றைச் சமமாக்கினார். வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கனமான பக்கம் கீழே வந்து நின்றதும் சாக்பீஸால் கோடு போட்டு, எதிர்ப்பக்கத்தில் ஈயத்துண்டு கட்டினார். முன்சக்கரங்கள் திரும்பும் அச்சுகளான கிங் பின்கள் தேய்ந்திருந்தன; கழற்றிப் புதியவற்றைப் போட்டார்.

"ஏறி உட்காரும்மா, பார்ப்போம்."

ஏறினாள். என்ஜின் ஓடவில்லை, அவள் ஸ்டியரிங்கைத் தொடவும் இல்லை. தரையைத் தொடாத சக்கரங்கள் மெல்ல ஆடின. இடம். வலம். இடம். அவள் இறங்கியதும் நின்றன.

அவர் ஜாக்கியிலிருந்து ஓரடி விலகினார். ஆனாலும் விடவில்லை, அவ்வளவு வீம்பு. ஸ்டியரிங் மூட்டுகளில் தடித்த தோல் வளையங்களைத் திணித்து நட்டை முறுக்கினார். இரும்பு முனகியது. இன்னும் முறுக்கினார். யாருடைய வாயையோ பொத்துவது போலிருந்தது. ஆட்டம் அடங்கியது.

கழுத்தில் நீலத் துணியைச் சுற்றிக்கொண்டு அவள் கிளம்பினாள். "வெண்ணெய் மாதிரி போகுதுப்பா!"

வாசலில் நின்று கேட்டார். என்ஜின் சத்தம் இறக்கத்தில் இறங்கியது. வழக்கமாக நடுங்கும் இடம் வந்தது. நடுக்கம் இல்லை. வேகம் கூடியது. இன்னும் கூடியது.

பிறகு சத்தமே இல்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நடுங்கியதால்தான் இத்தனை நாளும் அவள் திரும்பி வந்தாள்.

மேட்டில் ஏதோ ஏறி வந்தது.

ஒற்றைச் சக்கரம். துளி ஆட்டம் இல்லை. நூல் பிடித்தாற்போல் நேராக உருண்டு வந்தது. அவர் போட்ட சாக்பீஸ் கோடு. ஆரக்கால்களில் சுற்றிய நீலத் துணி, ரத்தம் சொட்டச் சொட்ட.

அவர் காலடியில் வந்து நின்றது. சாயவில்லை.

இடம்.

வலம்.

இடம்.