யாரும் எழுதலாம் என்றிருந்த பக்கம்

"என் பக்கத்துல சாவி போட்ட திருடன் பேரு இளஞ்செழியன்... வெள்ளிமலை கிளைக்குப் புதுசு. எல்லாருக்கும் மெயில் போட்டுட்டேன். சாயங்காலத்துக்குள்ள வேலைய வுட்டே தூக்கிடுவாங்க பாரு!"

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினதிலிருந்து அபிநயா போனில் பொரிந்து தள்ளிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரிக் குழுமத்தின் சர்வர் அவள் பொறுப்பு. ஊழியர்கள் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு சாவி; அந்தப் பக்கத்தில் யார் சாவி இருக்கிறதோ அவர் அந்த ஊழியர் பேரில் உள்ளே நுழையலாம். காலையில் பார்த்தால் அவள் பக்கத்திலேயே வேறொருத்தன் சாவி! கோபத்துக்குக் கேட்கணுமா...

சடசடவென்று மழை. பக்கத்து சீட்டுக்காரன் எழுந்து ஷட்டரை இறக்கிவிட்டான். பெரிய கண்கள்... பேசலாமா வேண்டாமா என்று தயங்குகிற கண்கள்.

"மேடம்... அந்தத் திருடன் நான்தாங்க."

அவள் மூஞ்சியில் ஈயாடவில்லை.

"என் பக்கத்துல போட வேண்டிய சாவிய உங்க பக்கத்துல போட்டுட்டேங்க. தப்புதான். ஆனா அடுத்தவங்க பக்கத்துல எழுத சர்வர் எப்பிடிங்க வுட்டுது?"

திட்ட வாயெடுத்தவள் பாதியில் நிறுத்தினாள். போன வாரம்தான் சாவிக்கென்று புதுக் கட்டம் சேர்த்து, யார் எழுதலாம் என்ற விதியையும் அவளே போட்டிருந்தாள். அவசரமாக மடியில் லேப்டாப்பைத் திறந்தாள். 'அவரவர்' என்று இருக்க வேண்டிய இடத்தில்... 'எல்லாரும்'! சோதித்துப் பார்க்கப் போட்டது. மாற்ற மறந்துவிட்டாள்.

கதவைத் திறந்து போட்டுவிட்டு, வந்தவனைத் திருடன் என்றிருக்கிறாள் மகராசி! அவமானத்தில் காது மடல் சுட்டது. இருநூறு பேர் முன்னால் 'தப்பு என்னுது' என்று சொல்லணுமே... சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? ச்சீ, இப்படியும் ஒரு புத்தியா!

"வுடுங்க மேடம்... நான் பேசிக்கிறேன்" என்றான் அவன். அதுதான் அவளை இன்னும் குத்தியது. ஒருத்தன் சோற்றில் மண்ணைப் போட்டவளுக்கு ஆறுதல் வேறா?

மலை தொடங்கிவிட்டது. டவர் ஒவ்வொரு கோடாகக் குறைந்துகொண்டு வந்தது. விதியைத் திருத்தினாள். பிறகு எல்லாருக்கும் மெயில் அடித்தாள்: 'இளஞ்செழியன் திருடவில்லை. விதியைத் தப்பாக எழுதியவள் நான். அவரிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்பு கேட்கிறேன். அபிநயா.'

முதல் வளைவில் மெயில் போய்ச் சேர்ந்தது. அழுகை வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா... என் பக்கத்துக்கு இன்னாத்துக்கு வந்தீங்க?"

இப்போது அவன் தலை குனிந்தது.

"பாஸ்வேர்டு மறந்து உங்களுக்குப் போன் பண்ணேங்க... அந்தக் குரலுக்கு முகம் எப்பிடி இருக்கும்னு உங்க போட்டோவப் பார்த்தேன். அப்புறம் தெனம் பார்த்துக்கினே இருந்தேன். நேத்து சாவி போடறப்போ என் பக்கம்னு நெனச்சி... உங்க பக்கம்தாங்க தெறந்திருந்துச்சி. வெக்கமா இருக்குதுங்க... ஆனா உங்கள ரொம்பப் புடிச்சிருக்குது."

மழை விட்டிருந்தது. அபிநயா அவனைப் பார்க்காமல் ஷட்டரை மெல்ல ஏற்றினாள்.

"என் பக்கத்துல எழுதற அனுமதிய எடுத்துட்டேங்க..." குரல் இறங்கிவிட்டது. "படிக்கற அனுமதி... அப்படியேதான் இருக்குது."