ரெண்டு இஞ்ச் உயரத்தில் ஒரு கொலை

பூனா, தாபோடி. காலை பத்தரை மணி.

லூர்துசாமியின் ஒர்க்‌ஷாப்பில் போன் விடாமல் அடித்தது...

ஒரு ஜீப்பின் அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தார். கிரீஸ் கையைக் காக்கி பேன்ட்டில் துடைத்துக்கொண்டு ரிசீவரை எடுத்தார்.

"லூர்துசாமியா? நான் சப்-இன்ஸ்பெக்டர் ரவிசந்திரன். நீங்க உசரம் தூக்கி லிஃப்ட் பண்ணின பச்சை பிக்கப், தாம்ஹிணி காட் மலைப் பக்கம் மண் ரோட்ல உருண்டுடுச்சு."

"யாரு வண்டி சார்?"

"பாணேர்ல இருக்கற சந்திரிகா மேடம். அவங்கதான் ஓட்டினாங்க. பள்ளத்துல பாடியைத் தேடிட்டு இருக்கோம். நீங்க உடனே வாங்க அண்ணா."

ரிசீவரை வைத்தார்.

லூர்துசாமிக்கு ஐம்பத்து நான்கு வயது. அதில் இருபத்து நான்கு வருடங்கள் கட்கி ராணுவ ஒர்க்‌ஷாப்பில், லாரிகளுக்கு அடியில் கழிந்தவை. அவர் கை வைத்த வண்டி எதுவும் இதுவரை யாரையும் கொன்றதில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்புதான் சந்திரிகா வந்திருந்தாள். முப்பத்தைந்து வயது. பூனாவைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களுக்குக் கிணறு தோண்ட இடம் பார்த்துச் சொல்லும் வேலை.

"லூர்து அண்ணா, பாறை மேல ஏறணும். அடி தட்டக்கூடாது. எத்தனை இஞ்ச் தூக்கலாம்?"

"ரெண்டு இஞ்ச் போதும்மா. டயர் முப்பத்தியொரு இஞ்ச் போட்டுக்கலாம்."

கூட வந்த கணவன் கேஷவ் மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தான். பெரிய ஐ.டி. கம்பெனி மேனேஜர்.

"ரெண்டு இஞ்சா? ஆறு இஞ்ச் தூக்குப்பா. அலாய் வீல் போடு. பாக்கறவன் அசரணும்."

"ஆறு இஞ்ச் தூக்கினா வளைவுல கவுந்துடும் சார். அலாய் பாறையில இடிச்சா விரிசல் விட்டுடும். ஸ்டீல் வளைஞ்சா சுத்தியால தட்டி நிமித்திக்கலாம்."

"ரெண்டு இஞ்ச். ஸ்டீல் வீல்." சந்திரிகா முடித்துவிட்டாள். "ஓட்டப்போறது நான் கேஷவ்."

"அப்புறம் பிரேக் ஹோஸ் மூணும் நீளமானதா மாத்தணும்மா. வண்டி உசந்தா பழைய ஹோஸ் எட்டாது. சக்கரம் பள்ளத்துல இறங்கறப்ப இழுத்து அறுந்துடும்."

"மாத்துங்க. பழசையெல்லாம் ஒரு சாக்குல போட்டுக் குடுங்க."

அப்படித்தான் கொடுத்தார். இன்று அவளையே சாக்கில் கட்டி எடுத்துவரப் போகிறார்களோ?

ஜீப்பை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை.

மண் ரோட்டுக்கு இருபது அடி கீழே, ஒரு பாறைத் திட்டில் பிக்கப் நான்கு சக்கரங்களையும் வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தது. அதற்கும் கீழே அடர்ந்த புதர். இரண்டு கான்ஸ்டபிள்கள் கயிற்றைப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

மேலே, தன் காரின் பானெட்டில் சாய்ந்துகொண்டு...

கேஷவ் வடா பாவ் தின்றுகொண்டிருந்தான்.

லூர்துசாமியைப் பார்த்ததும் பாதி பாவை வாயில் அடைத்துக்கொண்டான். சட்னி விரலை நக்கினான்.

"இவன்தான் சார். இந்த ஆளு பண்ணின லிஃப்ட்தான் என் வைஃபைக் கொன்னுடுத்து. தூக்கி உள்ள போடுங்கோ."

ரவிசந்திரன் கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழன். முப்பது வயது. வீட்டில் மட்டும் புழங்கும் தமிழ்; நடுநடுவே இந்தி எட்டிப் பார்க்கும்.

"அண்ணா, சச் சொல்லுங்க, உண்மையை. உங்க வேலையில கட்பட், ஏதாவது தப்பு இருக்கா?"

"நான் கீழ இறங்கிப் பாக்கலாமா சார்?"

இறங்கினார். வண்டி கவிழ்ந்து கிடந்ததால், அடிவயிறு முழுவதும் வெயிலில் தெரிந்தது. ஸ்பிரிங் அப்படியே இருந்தது. ஷாக் அப்சார்பர் அசையவில்லை. பின் ஆக்ஸிலுக்குப் போகும் பிரேக் ஹோஸ்...

அறுந்து தொங்கியது.

குனிந்து முகர்ந்தார். பிரேக் ஆயில். முன்பக்கம் பார்த்தார். அங்கேயும் ஒன்று அறுந்திருந்தது. அறுந்த துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து விரலால் அளந்தார்.

"சார்... இது நான் போட்ட ஹோஸ் இல்ல. மூணுமே பழசு. வண்டியோட வந்து, நான் சாக்குல போட்டுக் குடுத்த குட்டை ஹோஸ்."

மேலேயிருந்து கேஷவ் சிரித்தான்.

"புதுசு போட்டேன்னு பொய் சொல்லிட்டுப் பழசையே விட்டிருக்கான். கேஸ் முடிஞ்சது சார்."

"முடியல சார்." லூர்துசாமியின் குரல் கெட்டியானது. "நான் முடுக்கின ஒவ்வொரு நட்டுலயும் மஞ்சப் பெயின்ட்ல ஒரு கோடு போடுவேன். பட்டாளத்துப் பழக்கம். நட்டுல பாதி, அது உக்கார்ற தகடுல பாதி. இங்க வந்து பாருங்க. தகடுல கோடு இருக்கு. நட்டுல இல்ல. எனக்கப்புறம் யாரோ கழட்டி நட்டோட மாத்தியிருக்காங்க."

ரவிசந்திரன் இறங்கி வந்து பார்த்தான். நிமிர்ந்தான்.

"கேஷவ் சார், க்யா போல்தே? என்ன சொல்றீங்க?"

"அவளே மாத்தியிருப்பா. எப்பப் பார்த்தாலும் அந்த வண்டிக்கு அடியிலதானே கிடப்பா." கேஷவ் தோளைக் குலுக்கினான். "எனக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கக்கூடத் தெரியாது."

இருவரும் மேலே ஏறி வந்ததும், குரலைத் தணித்துக்கொண்டு லூர்துசாமியின் பக்கத்தில் வந்தான்.

"மெக்கானிக்... அந்த வீல் நாலும் நன்னாத்தான் இருக்கு. டயரும் புதுசு. நீயே கழட்டி எடுத்துண்டு போய் வித்துக் குடேன். இங்க கிடந்தா ஊர்க்காரன் எவனாவது அடிச்சுண்டு போயிடுவான்."

லூர்துசாமி அவனையே பார்த்தார். சாக்கடை அடைப்பைக் கையால் எடுத்தபோதுகூட இப்படிக் குமட்டியதில்லை.

"சார்... உங்க சம்சாரம் கீழ புதர்ல கிடக்காங்க."

"போனவ போயிட்டா. வீல் என்ன பாவம் பண்ணித்து?"

லூர்துசாமி காறித் துப்பினார். அது கேஷவின் ஷூவுக்கு ஓர் அங்குலம் தள்ளி விழுந்தது.

"ஏய்..." என்று ஆரம்பித்தான் கேஷவ்.

"துப்பட்டும் விடு. நானா இருந்தா குறி தப்பியிருக்க மாட்டேன்."

பெண் குரல்.

கேஷவ் திரும்பினான். திரும்பியவன் அப்படியே நின்றான்.

வளைவில் நின்றிருந்த போலீஸ் வேனிலிருந்து சந்திரிகா இறங்கி வந்தாள். நெற்றியில் பிளாஸ்டர். இடது கை கழுத்தில் கட்டிய துணியில். முழங்கால் வரை சிராய்ப்பு. ஆனால் நடந்தாள்.

"மேடம்..." லூர்துசாமி அவளை நோக்கி ஓடினார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"பெடல் தரை வரைக்கும் போச்சு லூர்து அண்ணா. நல்ல வேளை, ஃபர்ஸ்ட் கியர்ல ஊர்ந்துண்டிருந்தேன். மலைப்பக்கமா குதிச்சுட்டேன். வண்டி மட்டும் போச்சு. பால்காரர் ஒருத்தர் போலீஸ் சௌக்கிக்குக் கொண்டுவந்து விட்டார்."

ரவிசந்திரன் லூர்துசாமியின் தோளைத் தொட்டான்.

"மாஃப் கரோ அண்ணா, மன்னிக்கணும். பொய் சொல்லி வரவழைச்சேன். மேடம்தான் கேட்டாங்க. நான் செத்துட்டேன்னு சொல்லி, அவர் என்ன செய்யறார்னு பாருங்கன்னு. வடா பாவ் தின்னார். அதையும் எழுதிக்கிட்டேன்."

கேஷவின் முகத்தில் சட்னி மட்டும்தான் நிறமாக இருந்தது.

"சந்து... நான் பதறிப்போய்..."

"போன வாரம் டைவர்ஸ் நோட்டீஸ் அனுப்பினேன் இன்ஸ்பெக்டர். பாணேர் ஃப்ளாட் என் பேர்ல இருக்கு. நான் இருந்தா இவர் வெளில போகணும். நான் போயிட்டா இவர் இருக்கலாம்."

"இதெல்லாம் கதை. ப்ரூஃப் எங்க? நான்தான் மாத்தினேன்னு எவன் பார்த்தான்?"

சந்திரிகா பெருமூச்சு விட்டாள். பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்த களைப்பு அதில் இருந்தது.

"இன்ஸ்பெக்டர், இவர் புதுச் சாமான் எதையும் தூக்கிப் போட மாட்டார். ஹோட்டல் சோப்பைக்கூட எடுத்துண்டு வர்ற ஆளு. புது ஹோஸ் மூணையும் எங்கயாவது பத்திரமா வச்சிருப்பார். முதல்ல கார் டிக்கியைத் திறந்து பாருங்கோ."

கேஷவின் கை தானாகப் பேன்ட் பாக்கெட்டுக்குப் போனது. சாவி இருந்த பாக்கெட்.

ரவிசந்திரன் அந்தக் கையைப் பிடித்துச் சாவியை எடுத்தான்.

டிக்கி திறந்தது. ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் மராத்திப் பேப்பரில் ஒரு பொட்டலம். உள்ளே மூன்று பிரேக் ஹோஸ்கள். ஒவ்வொரு நட்டிலும் பாதி மஞ்சள் கோடு. கூடவே ஒரு புத்தம் புது ஸ்பேனரும்.

"ஸ்க்ரூ டிரைவர்தானே பிடிக்கத் தெரியாதுன்னார்," என்றாள் சந்திரிகா.

கைவிலங்கு மாட்டியது.

தள்ளிக்கொண்டு போனபோது, போலீஸ் ஜீப்பின் அழுக்கு ஸீட்டைப் பார்த்து கேஷவ் மூக்கைச் சுளித்தான்.

"இந்த டப்பாவிலயா?"

"என்ன சார் பண்றது?" ரவிசந்திரன் கதவைத் திறந்து பிடித்தான். "சர்க்கார் ஜீப்புக்கு லிஃப்ட் கிட் எல்லாம் கிடையாது. ஆனா உங்களுக்கு லிஃப்ட் உண்டு. ஏறுங்க."