வெள்ளைக் கட்டு

அப்போதுதான் பிறந்த குழந்தையை அதன் அப்பா அமலனின் கையில் கொடுத்துவிட்டு டாக்டர் பல்கீஸ் திரும்பியபோது, ஜெசிந்தா வலது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தோள்பட்டை குத்துது டாக்டரம்மா."

"ஒருக்களிச்சுப் படுத்திருப்பா," என்றார் மாமியார் பிலோமினா.

பல்கீஸ் நாடியைப் பார்த்தார். படபடவென்று ஓடியது. ரத்த அழுத்தமோ இறங்கிக்கொண்டிருந்தது. நஞ்சுக்கொடி முழுதாக வந்துவிட்டது, கருப்பையும் நன்றாக இறுகியிருந்தது, வெளியே ரத்தப்போக்கும் அதிகமில்லை. ஆனால் ஜெசிந்தாவின் முதல் பிரசவம் அறுவை சிகிச்சை. அந்தப் பழைய தழும்பு அவர் நினைவில் உறுத்தியது.

அகநோக்கிப் பட்டையை வயிற்றில் சுற்றினார். எதிர்ச்சுவரில் உடலின் உட்புறம் ஒளிப்படமாக விரிந்தது. தழும்பிருந்த இடத்தில் கருப்பை கிழிந்திருந்தது. உள்ளே கசிந்த ரத்தம் உதரவிதானம் வரை ஏறி, தோளில் வலியாகத் தெரிந்திருக்கிறது.

"கருப்பை கிழிஞ்சிருக்கு. ரத்தம் ஏத்துங்க, சிஸ்டர். நீங்க ரெண்டு பேரும் வெளிய இருங்க."

அமலன் குழந்தையோடு வாசலில் நின்றான். "பொழச்சிருவாளா டாக்டர்?"

"பார்த்தாச்சுல்ல. இனி விடமாட்டேன்."

முன்பெல்லாம் வயிற்றைத் திறந்துதான் தைப்பார்கள். முடியாவிட்டால் கருப்பையையே எடுத்துவிடுவார்கள். பல்கீஸ் கருப்பை வாய் வழியே மெல்லிய குழாயை நுழைத்துத் தையல்நுண்ணிகளைச் செலுத்தினார். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொறிகள் ரத்தக்குழாய்களை அடைத்து, கிழிசலின் இரு ஓரங்களையும் இழை இழையாக இழுத்துச் சேர்த்தன. தேங்கிய ரத்தத்தைக் குழாய் உறிஞ்சியது. சுவர்ப் படத்தில் சிவப்பு குறையக் குறைய, ஜெசிந்தாவின் உதட்டில் நிறம் திரும்பியது.

"பிள்ளையக் கொண்டாங்க," என்றாள் அவள், கண் விழித்ததும்.

வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. வலியையும் நுண்ணிகளே மரக்கச் செய்திருந்தன. சில நாட்களில் சிரித்தபடி நடந்து வீட்டுக்குப் போனாள்.

மறுபரிசோதனைக்கு வந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை. கண்கள் குழி விழுந்திருந்தன. உள்ளே தையல் ஓரிடத்தில் விரியத் தொடங்கியிருந்தது. பல்கீஸ் நுண்ணிகளை மறுபடி அனுப்பிச் சரிசெய்தார்.

"வெயிட் தூக்கினியா?"

"தண்ணிக் குடம், அரிசி மூட்டை... எல்லாம் நான்தான்."

பிலோமினாவுக்குக் கோபம் வந்தது. "வெட்டல, தைக்கல. நல்லாத்தான நடந்து வந்தா? பெறவு என்ன ரெஸ்ட்டு?"

பல்கீஸ் உட்புறப் படத்தைக் காட்டினார். பிலோமினாவும் அமலனும் அதை வானிலை வரைபடம்போலப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் மனதில் படவில்லை. பல்கீஸ் சற்று யோசித்தார். பிறகு ஒரு சுருள் வெள்ளைத் துணியை எடுத்து, ஜெசிந்தாவின் வயிற்றைச் சுற்றித் தடிமனாகக் கட்டினார்.

பிலோமினா நெஞ்சில் கை வைத்தார். "யேசுவே! இவ்ளோ பெரிய காயமா?" ஜெசிந்தா எடுக்கப்போன குழந்தையை அமலன் சட்டென்று தான் தூக்கிக்கொண்டான்.

அதன்பின் குடம் அமலன் இடுப்புக்குப் போனது. ஜெசிந்தாவுக்குக் கட்டிலுக்கே சூப் வந்தது. கைக்குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு பகலிலும் தூங்கினாள்.

அடுத்த முறை வந்தபோது காயம் முற்றிலும் ஆறியிருந்தது. "கட்ட அவுத்துரலாமா?" என்று கேட்டார் பல்கீஸ்.

ஜெசிந்தா கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இன்னும் ஒரு மாசம் இருக்கட்டுமே டாக்டரம்மா."

பல்கீஸ் சிரித்தபடி இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

அவள் போன கையோடு பக்கத்துக் கட்டிலில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பெண் கூப்பிட்டாள். சுகப்பிரசவம், எந்தக் குறையும் இல்லாதவள்.

"டாக்டர், எனக்கும் ஒண்ணு கட்டி விடுறீங்களா?"