மஞ்சக்கொம்பு மடைச் சக்கரம்

“கீழே இறங்கினா ஏறி வர மாட்டீங்க, மேடம்” என்றார் ராயப்பன். படகுச் சங்கத்தின் தலைவர் அவர். துடுப்பைக் குறுக்கே நீட்டி, காட்டுப்பாதையின் வாயை அடைத்துக்கொண்டு நின்றார்.

இன்பவல்லி ஒரு கணம் கண்ணை மூடி முருகனை நினைத்தாள். பிறகு துடுப்புக்கு அடியில் குனிந்து மறுபக்கம் போய்விட்டாள். மடை திறக்கும் லஸ்கர் கோட்டைச்சாமியும் அவள் பின்னாலேயே நுழைந்தார்.

அன்று மஞ்சக்கொம்பு மலையில் அவர்களுக்கு நல்ல வார்த்தை சொல்ல ஒருவரும் இல்லை. ஜீப்பின் நான்கு டயரிலும் காற்றைப் பிடுங்கியிருந்தார்கள். டீக்கடைக்காரர், பால் பொங்கிக்கொண்டிருக்கும்போதே, பால் இல்லை என்றார். அணையைச் சோதிக்க வந்த இளம் பொறியாளர் இன்பவல்லி, சீசன் நடுவில் படகு ஏரியைப் பாதி காலி செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டாள். அதுதான் கோபம்.

சொல்லாமல் என்ன செய்வாள்? அது மண் அணை. ஒவ்வொரு சித்திரையிலும் படகுக்காரர்கள், மிகை நீர் வழியும் கலிங்கில் பலகை அடைத்து, மஞ்சள் பூசி, தேங்காய் உடைப்பார்கள். தண்ணீர் இரண்டடி ஏறும். படகு தரை தட்டாது. சாமி கும்பிட்டு வைத்த பலகையை எடுப்பது பாவம் என்பது அவர்கள் நம்பிக்கை. இந்த வருஷமோ கோடை மழை விடவில்லை. அணையின் அடியில் எப்போதும் தெளிவாகக் கசியும் நீர், இன்று காலை செம்மண் கலங்கலாக வந்தது. உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள். சாயங்காலம் இன்னொரு மழை பெய்தால் அணை தாங்காது. அதற்கு நேர் கீழே கீழ்க்குடியில் நாற்பது வீடுகள்.

மேட்டுக்குப் போகச் சொல்லி அங்கே ஜீப் டிரைவரை நடந்தே அனுப்பியிருந்தாள். அதற்குள், எல்லாம் பொய், யாரும் நகராதீர்கள் என்று ராயப்பன் போன் செய்துவிட்டார். ஜனங்கள் அவரைத்தான் நம்பினார்கள்.

அடிமடையைத் திறந்தால் தண்ணீர் இறங்கும். திறக்கும் இரும்புச் சக்கரமோ நான்கு வருஷமாகக் காணோம். கடப்பாரையால் நெம்பியும் திருகு அசையவில்லை. அதை ஒளித்து வைத்ததைப் பார்த்ததாகச் சொல்லி, ஓய்வுபெற்ற லஸ்கர் ஒருவர் காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து தந்த படம்தான் இருந்தது: அணைக்குக் கீழே பள்ளம், இரட்டைப் பாறை, அதன் நடுவே குகை, குகைக்குள் ஒரு வட்டம்.

இருவரும் இறங்கினார்கள். உண்ணிமுள் சட்டையைக் கிழித்தது. அட்டைகள் கணுக்காலில் ஏறின. பாசிப் பாறையில் கோட்டைச்சாமி இரண்டு முறை சறுக்கி, வேரைப் பிடித்துத் தொங்கி மீண்டார். மேலிருந்து ராயப்பனும் இரண்டு ஆட்களும் தொடர்ந்து வந்தார்கள். “புதையல் கிடைச்சா எங்களுக்கும் பங்கு குடுங்க தாயி” என்று ஒருவன் கேலி பேசினான்.

இரட்டைப் பாறை தெரிந்தது! இன்பவல்லி தவழ்ந்து குகைக்குள் போய் டார்ச்சை அடித்தாள். ஈரத் தரையில் துருப் படிந்த வட்டத் தடம் மட்டும் இருந்தது. சக்கரம் இல்லை.

வெளியே சிரிப்பொலி. அவள் தவழ்ந்து வெளியே வந்தாள். அவர்களை மிரட்டத்தான் ஒருவன் கல்லை விட்டெறிந்தான். கல் பாறை இடுக்கில் பட்டது. அங்கே தொங்கியது மலைத்தேனீக் கூடு.

கறுப்புப் புகை போலத் தேனீக்கள் எழும்பின. கல் எறிந்தவனும் கூட இருந்தவனும் ஓடிவிட்டார்கள். ராயப்பன் கால் தடுக்கி விழுந்தார். தலையே தெரியாதபடி தேனீக்கள் மொய்த்தன. கோட்டைச்சாமி இன்பவல்லியைக் குகைக்குள் இழுத்தார். அவள் கையை உதறிக்கொண்டு ஓடினாள். தன் மழைச்சட்டையைக் கழற்றி ராயப்பன் மேல் போர்த்தி, தானும் அதற்குள் தலையை நுழைத்து, அசையக் கூடாது என்று அவரை அமுக்கிப் பிடித்தாள். போர்வைக்கு வெளியே இருந்த கைகளில் கொட்டு விழ விழ, கந்தா கந்தா என்று முணுமுணுத்தபடி கிடந்தாள்.

தேனீக்கள் அடங்கியதும், இரும்பு ஸ்கேலின் விளிம்பால் அவர் முகத்திலிருந்த கொடுக்குகளை ஒவ்வொன்றாக வழித்தெடுத்தாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

ராயப்பன்தான் வீங்கிய உதட்டைப் பிரித்தார்.

“ஏழாம் நம்பர் படகுக்கு நங்கூரமா கிடக்குது” என்றார்.

மூவரும் ஏறி வந்தபோது மணி மூன்று. மலை உச்சியில் மேகம் கறுத்திருந்தது. படகுத்துறையில் ஆட்கள் வழி மறித்தார்கள். துரோகி என்று ஒருவன் ராயப்பன் காதுபடவே சொன்னான். அவர் ஏரியில் குதித்து, சங்கிலியோடு சக்கரத்தை இழுத்து வந்து கரையில் போட்டார். வந்த கையோடு கலிங்குப் பலகைகளைத் தொட்டுக் கும்பிட்டு, தாமே பிடுங்கினார்.

கோட்டைச்சாமி சக்கரத்தை மாட்டினார். நான்கு கைகள் சேர்ந்து திருகின. முதலில் முனகல், பிறகு உறுமல்; அடிமடை வழியே தண்ணீர் ஓடைக்குள் பாய்ந்தது!

ஆனால் முதல் தூறல் விழுந்துவிட்டது. நீர் இறங்க நேரமாகும். ராயப்பன் நிற்கவில்லை, அந்த முகத்தோடு கீழ்க்குடிக்கு ஓடினார். கோயில் மணியை அடித்து ஊரைக் கூட்டி, “பொய் சொன்னது அந்தப் பொண்ணு இல்ல, நான்” என்றார். நாற்பது வீடும் மேடேறியது.

மழை இரவெல்லாம் கொட்டியது. அணையின் கீழ்ச்சரிவில் ஒரு வண்டி மண் சரிந்தது, அணை நின்றது. விடியும்போது ஏரி பாதியாகியிருந்தது. கசிவும் மெலிந்து தெளிந்திருந்தது.

விரல் வீங்கி இன்பவல்லிக்குப் பேனா பிடிக்க முடியவில்லை. அறிக்கையைக் கோட்டைச்சாமி எழுதினார்.

“சக்கரத்தை எடுத்துக் கொடுத்து, ஊரை மேட்டுக்கு அனுப்பியவர் ராயப்பன்னு எழுதுங்கண்ணே.”

“ஒளிச்சு வச்சதும் அவருதானே, மேடம்?”

“அதையும் எழுதணும். ஆனா இதை முதல்ல எழுதுங்க.”

சீசன் போனது போனதுதான். படகுக்காரர்கள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கீழ்க்குடியில் மட்டும் நாற்பது அடுப்பும் புகைந்தன. பகைத்து நிற்பவருக்கும் வலிக்கும் என்று ஒருத்தி நினைத்ததற்கு ஆண்டவன் கொடுத்த கூலி அது.