தீபாவளி வாரம்

எட்டு நாளாக ஹேமநாதன் மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று காலையும் ஷாமளா வைத்த தேநீர் தொடுவாரின்றி ஆறிக்கொண்டிருந்தது. அவள் செய்த குற்றம்தான் என்ன? ஒரு கையெழுத்துப் போட மறுத்தாள்!

கடலோர விடுதி ஒன்றில் வருடத்துக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை யாரோ இணையத்தில் ஆறாயிரம் வெள்ளிக்கு விற்க முன்வந்தார். அதுவும் தீபாவளி வாரமாம்! ரெங்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டித் தன்னை ஆளாக்கிய அக்கா செல்லத்தை வருடந்தோறும் அங்கே கூட்டிப்போக ஹேமநாதனுக்கு ஆசை. கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட வேண்டும்.

"வேற என்னென்ன கட்டணும்னு கேளுங்க" என்றாள் ஷாமளா.

"நம்மாளு லா! தமிழ்லயே பேசுறாரு" என்று அவள் வாயை அடைத்தான். பாஷை ஒன்றானால் மனசும் ஒன்றாகிவிடுமா என்ன!

வாசலில் செருப்புச் சத்தம். தம்பி சொன்னதைக் கேட்டு, முதல் பஸ்ஸில் செல்லமே வந்துவிட்டாள்.

"ஏம்மா... வருஷத்துல ஏழு நாள் என்கூட இருக்கறது உனக்கு அவ்ளோ பாரமா? இனிமே இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்!"

ஷாமளாவின் கண்கள் நிறைந்தன. கைப்பேசியைக் கணவனிடம் நீட்டினாள்.

"விடுதிக்கே எழுதிக் கேட்டேன். காசு குடுக்குறதுக்கு முன்னால கேக்குறது நம்ம உரிமை இல்லையா? இப்பதான் பதில் வந்துச்சு."

ஹேமநாதன் படித்தான். பெயர் மாற்ற எண்ணூறு வெள்ளி. விற்பவர் கட்டாமல் விட்ட இரண்டு வருடப் பராமரிப்புக் கட்டணம், வாங்குபவர் தலையில். பிறகு போனாலும் போகாவிட்டாலும் வருடாவருடம் ஆயிரத்துத் தொள்ளாயிரம்!

"அலமாக்... அந்த ஆளு ஒரு வார்த்த சொல்லலயே!"

"அண்ணிக்காக என் சங்கிலிய வித்தாவது கட்டியிருப்பேங்க... கடைசி வரியப் பாருங்க. வருஷா வருஷம் அதே தேதிங்கதானாம், வாரம் மாறவே மாறாதாம். போன வருஷம் தீபாவளி அக்டோபர்ல வந்துச்சு. இந்த வருஷம் நவம்பர்! அவங்க வாரத்துக்குள்ள நம்ம தீபாவளி எப்படிங்க வருஷா வருஷம் வரும்?"

ஹேமநாதன் தலைகுனிந்தான்.

"உங்கள வேணாம்னு சொல்லல அண்ணி..." ஷாமளா விம்மினாள். "அந்த வாரத்தத்தான் வேணாம்னேன்!"

செல்லம் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள்.

"மன்னிச்சிரு ஷாமளா" என்றான் ஹேமநாதன்.

செல்லம் முந்தானையால் ஷாமளாவின் கன்னத்தைத் துடைத்தாள்.

"ஏழு நாள்தானே? இன்னையிலேருந்து இங்கயே தங்கறேன். கட்டணம் எவ்ளோன்னு இப்பவே எழுதிக் குடுத்துரும்மா!"

அழுகையும் சிரிப்புமாக ஷாமளா அவளை உள்ளே கூட்டிப்போனாள்.